பெருங்குடல் பரிசோதனையும் முந்தைய நாள் இரவும்

நமது இதழில் யாத்திரை, திருப்புகழ், பிள்ளைகளின் படிப்பு என்று பல கட்டுரைகள் வருகின்றன. இம்முறை நாலு பேர் கூடிய இடத்தில் பேசக் கூச்சப்படும் ஒரு விஷயத்தை எழுத முன்வந்திருக்கிறேன். கொலோனோஸ்கோபி என்னும் பெருங்குடல் பரிசோதனைக்கு முன் குடலைச் சுத்தம் செய்து கொள்வது பற்றியது இது. நான் டாக்டர் அல்ல. டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் சேர்ந்து, பணி ஓய்வு பெற்றவன். இந்தப் பரிசோதனையை இரண்டு முறை செய்து கொண்டவன். டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்து கொண்டதை, நமது குடும்பங்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன். மருந்து, அளவு, நேரம் ஆகிய மூன்றிலும் உங்கள் டாக்டர் சொல்வதே முடிவானது என்பதை முதலிலேயே சொல்லி விடுகிறேன்.

பெருங்குடல் சுமார் ஐந்து அடி நீளமுள்ள ஒரு குழாய். அதன் உட்சுவரில் வயது ஏற ஏறச் சிலருக்குச் சிறு சிறு சதை வளர்ச்சிகள் தோன்றும். பாலிப் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். பெரும்பாலானவை ஒன்றும் செய்யாமல் கிடக்கும். சில வகைகள் மட்டும் மெல்ல மெல்ல, பெரும்பாலும் பத்து வருடம் அல்லது அதற்கும் மேலான காலத்தில், புற்றுநோயாக மாறும். பெருங்குடல் புற்றுநோயில் பெரும்பகுதி இப்படித் தொடங்குவதுதான். இடைப்பட்ட அந்த நீண்ட காலத்தில் வலி இராது, ரத்தமும் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. அந்தக் கட்டத்திலேயே பாலிப்பைக் கண்டுபிடித்து எடுத்துவிட்டால் புற்றுநோய் வர வழியில்லாமல் போகிறது. நோயைக் கண்டுபிடிக்கும் பரிசோதனைகள் பல உண்டு. பார்க்கும்போதே நோயின் விதையை அகற்றிவிடும் பரிசோதனைகள் சிலவே.

இந்தக் கருவியின் கதையில் நம் நாட்டவர் ஒருவருக்கும் பங்கு உண்டு. பஞ்சாபில் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, லண்டனில் ஹாப்கின்ஸ் என்ற பேராசிரியருடன் சேர்ந்து, வளைந்த கண்ணாடி இழைக் கற்றை வழியே படத்தைக் கடத்திக் காட்டிய ஆய்வை 1954-ல் வெளியிட்டார். பிறகு நியூயார்க்கில் உல்ஃப், ஷின்யா என்ற இரு டாக்டர்கள், 1969-ல், வயிற்றைக் கிழிக்காமல் இந்தக் குழாய் வழியாகவே கம்பிக் கண்ணியை அனுப்பிப் பாலிப்பை அறுத்தெடுக்கத் தொடங்கினார்கள். இப்போது கண்ணாடி இழைக்குப் பதில் நுனியிலேயே சிறு காமிரா இருக்கிறது. மற்றபடி வேலை அதேதான்.

யாருக்கு இது வேண்டும்? அமெரிக்காவில் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கே 45 வயதிலிருந்து சோதனை தொடங்க வேண்டும் என்று 2021-ல் பரிந்துரை வந்தது. நம் நாட்டில் இந்த நோய் அங்குள்ள அளவு இல்லை. அரசின் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்கே பொதுச் சோதனை இருக்கிறது. ஆனால் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் இவர்களில் ஒருவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் வந்திருந்தால் கணக்கு வேறு. 40 வயதில், அல்லது அவருக்கு நோய் தெரிந்த வயதுக்குப் பத்து வருடம் முன்னதாக, இவ்விரண்டில் எது முந்தியோ அப்போது பார்க்கச் சொல்கிறார்கள். அண்ணனுக்கு 46-ல் வந்தது என்றால் தம்பி 36-ல் பார்த்துக் கொள்ள வேண்டும். ஊரிலிருந்து ஆயிரம் மைல் தள்ளி வாழும் நமக்கு, சித்தப்பாவும் பெரியப்பாவும் எதில் காலமானார்கள் என்பதே சரியாகத் தெரிவதில்லை. "வயித்துல என்னவோ கட்டியாம்" என்பதோடு நின்றுவிடும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது விசாரித்து வைப்பது நல்லது. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் எளிய சோதனையும் உண்டு. அதற்குக் குடலைக் கழுவ வேண்டியதில்லை. ஆனால் அதில் ரத்தம் இருப்பது தெரிந்தால் அடுத்தபடி கொலோனோஸ்கோபிதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நான் வேலையில் சேர்ந்த காலத்தில் நீராவி எஞ்சின்கள் ஓடிக் கொண்டிருந்தன. குறிப்பிட்ட நாட்களுக்கு ஒருமுறை பாய்லரை வாஷ் அவுட் செய்வோம். அடைப்புகளைக் கழற்றி, ஹோஸ் பைப்பால் தண்ணீரைப் பீய்ச்சி, சேறும் படிவும் வெளியேறித் தண்ணீர் தெளியும் வரை கழுவுவோம். அதன் பிறகுதான் இன்ஸ்பெக்டர் விளக்கைப் பிடித்து உள்ளே பார்ப்பார். அரைகுறையாகக் கழுவிய பாய்லரில் அவருக்குத் தெரிவது சேறுதான். அதன் அடியில் தகட்டில் விரிசல் இருந்தாலும் தெரியாது. பெருங்குடலும் அப்படியே. டாக்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், கருவி எவ்வளவு புதிதாக இருந்தாலும், அழுக்கின் அடியில் இருக்கும் அரை சென்டிமீட்டர் பாலிப் அவர் கண்ணில் படாது. கருவியில் உறிஞ்சும் துவாரம் இருக்கிறதே என்று கேட்கலாம். அதன் விட்டம் நாலு மில்லிமீட்டருக்கும் குறைவு. மிச்சமிருக்கும் தண்ணீரை உறிஞ்சும். நாரையும் விதையையும் உறிஞ்சப் போனால் அதுவே அடைத்துக் கொள்ளும்.

உலகம் முழுவதும் செய்யப்படும் கொலோனோஸ்கோபிகளில் நான்கில் அல்லது ஐந்தில் ஒன்று வரை குடல் சரியாகச் சுத்தமாகாமலே நடப்பதாகக் கணக்குகள் சொல்கின்றன. அப்படிப்பட்டவர்கள் ஒரு வருடத்துக்குள் மறுபடி செய்து கொள்ள வேண்டும் என்பது விதி. பணமும் நேரமும் போவது ஒரு பக்கம். "எனக்குப் பார்த்தாகிவிட்டது, ஒன்றுமில்லை" என்ற பொய்யான நிம்மதியோடு பத்து வருடம் இருந்து விடுவது அதைவிடப் பெரிய ஆபத்து.

குடிக்கக் கொடுக்கும் மருந்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அது எப்படி வேலை செய்கிறது என்று புரிந்தவர்கள் பாதியில் நிறுத்த மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

நம்மில் வயதானவர்கள் சிறு வயதில் விளக்கெண்ணெய்ப் பேதி சாப்பிட்டவர்கள். அம்மா மூக்கைப் பிடித்து ஊற்றுவார்; நாலு முறை போனால், "சரி, வயிறு சுத்தமாகிவிட்டது, ரசஞ்சாதம் சாப்பிடு" என்பார். அதே நினைப்போடு இந்த மருந்தை அணுகுவதில்தான் கோளாறு வருகிறது. இப்போது பெரும்பாலும் கொடுக்கப்படுவது பாலி எத்திலீன் கிளைக்கால் என்ற பொடியும் சில உப்புகளும் சேர்ந்த கலவை. இதை இந்த வேலைக்குப் பயன்படுத்தும் முறையை அமெரிக்க டாக்டர்கள் 1980-ல் வெளியிட்டார்கள். வெறும் தண்ணீரை எத்தனை குடம் குடித்தாலும் குடல் அதை உறிஞ்சி ரத்தத்தில் சேர்த்துவிடும், சிறுநீராகப் போய்விடும். இந்தப் பொடி கலந்த தண்ணீரைக் குடலால் உறிஞ்ச முடியாது. உப்புகளும் சரிசமமாகச் சேர்க்கப்பட்டிருப்பதால் உடம்பிலிருந்து உப்பு வெளியே போவதோ, உள்ளே ஏறுவதோ மிகக் குறைவு. வாய் வழியே போனது ஏறக்குறைய அப்படியே மறுபக்கம் வந்து சேரும். ஆக, குடலைக் கழுவுவது அந்தத் தண்ணீரின் அளவுதான். 2 லிட்டர் குடிக்கச் சொன்ன இடத்தில் 1 லிட்டர் குடித்தால் பாதிக் கழுவல்தான் நடந்திருக்கிறது. எத்தனை முறை போயிற்று என்ற எண்ணிக்கை இங்கே செல்லாது.

சில ஆஸ்பத்திரிகளில் 4 லிட்டர் வரை கொடுப்பார்கள். பல இடங்களில் 2 லிட்டரும் கூடவே மாத்திரையும். பொடியை எவ்வளவு தண்ணீரில் கரைக்கச் சொல்லியிருக்கிறதோ அவ்வளவில்தான் கரைக்க வேண்டும். ருசிக்காகச் சர்க்கரை, வெல்லம், குளுகோஸ் சேர்ப்பது கூடாது. உப்பின் சமநிலை கெட்டுவிடும். முன்பு மானிட்டால் என்ற சர்க்கரை வகைத் திரவம் புழக்கத்தில் இருந்தது. குடலில் உள்ள பாக்டீரியா அதைப் புளிக்க வைத்து எரியும் வாயுவை உண்டாக்க, பாலிப்பை மின்சாரத்தால் சுடும்போது குடல் வெடித்து ஒரு நோயாளி இறந்துபோன சம்பவம் 1979-ல் மருத்துவ இதழில் வெளியாயிற்று. சிறு பாட்டிலில் வரும் சோடியம் பாஸ்பேட் மருந்தும் உண்டு. குடிக்கச் சுலபம், ஆனால் சிலருக்குச் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடுகிறது என்று 2008 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் கடுமையாக எச்சரித்தது. எனவே பக்கத்து வீட்டுக்காரர் மிச்சம் வைத்த மருந்தையோ, கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதையோ குடித்துவிடாதீர்கள். சிறுநீரகக் கோளாறு, இருதயக் கோளாறு, நீரிழிவு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது பாடம், மருந்தை இரண்டு தவணையாகக் குடிப்பது. முன்பெல்லாம் முழுவதையும் முதல் நாள் மாலையே குடித்து முடிக்கச் சொன்னார்கள். இப்போது பாதியை முதல் நாள் மாலையிலும், மீதிப் பாதியைப் பரிசோதனை நாளன்று விடியற்காலையிலும் குடிப்பதே சிறந்தது என்பது நிலைநாட்டப்பட்டிருக்கிறது. காரணம் எளிது. நாம் ஒன்றும் சாப்பிடாவிட்டாலும் சிறுகுடல் சும்மா இருப்பதில்லை. பித்தநீரும் மற்றச் சுரப்புகளும் இரவு முழுவதும் பெருங்குடலின் தொடக்கப் பகுதியில், அதாவது வயிற்றின் வலது பக்கத்தில், வந்து இறங்கிப் பிசின் போலப் படியும். மாலையில் கண்ணாடி போல இருந்த இடம் காலையில் பூசி மெழுகிய சுவர் போல ஆகிவிடும். வலப்பக்கப் பாலிப்புகளில் சில தட்டையானவை, தாமே கோழைப் போர்வை போர்த்தவை. சுத்தமான குடலிலேயே கண்ணில் படுவது கஷ்டம். விடியற்காலைத் தவணை முக்கியமாக அந்தப் பகுதிக்காகத்தான்.

இங்கேதான் நம் போன்றவர்களுக்கு ஒரு தனித் தொல்லை இருக்கிறது. மொழி! நமது வட்டாரத்தில் உள்ள ஒரு அம்மா. வயது அறுபதைத் தாண்டியவர். மகன் வேலைக்காக இந்த ஊருக்கு வந்து எட்டு வருடம் ஆகியும் ஹிந்தி அவருக்குக் காய்கறிக்காரரோடு பேசுமளவுதான். ஊரில் அவருடைய தம்பிக்குப் பெருங்குடல் புற்றுநோய் என்று தெரிந்ததும் மகன் இவருக்கும் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தார். ஆஸ்பத்திரியில் ஹிந்தியில் அச்சடித்த ஒரு தாளைக் கொடுத்து, நர்ஸ் வாயாலும் சொல்லி அனுப்பினார். அம்மாவின் காதில் அழுத்தமாக விழுந்தது இரண்டே வார்த்தை: "காலி பேட்". வெறும் வயிற்றோடு வர வேண்டும். மகன் முதல் நாள் மாலைத் தவணையைக் கொடுத்துவிட்டு, அலுவலக அவசரத்தில் இரவு வண்டியில் போக வேண்டியதாயிற்று. மறுநாள் விடிகாலை நாலு மணிக்கு எழுந்த அம்மா, மீதி மருந்து பாட்டிலைப் பார்த்தார். வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருக்க, ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போகலாமா? நன்றாக யோசித்து, பாட்டிலை அப்படியே மூடி வைத்துவிட்டார். அவருடைய தர்க்கத்தில் ஒரு பிழையும் இல்லை. சொன்னவர்கள்தான் ஒரு வாக்கியத்தைச் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்: உணவுதான் கூடாது, மருந்தை முழுவதும் குடித்தாக வேண்டும், பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பு முடித்துவிட வேண்டும் என்று.

அன்று வலப்பக்கம் சரியாகத் தெரியவில்லை என்று டாக்டர் பாதியில் நிறுத்திவிட்டார். அம்மாவுக்கோ, "இனி இந்தக் கண்றாவி எனக்கு வேண்டாம்" என்று ஒரே பிடிவாதம். மருமகள்தான் விடவில்லை. நான்கு மாதம் கழித்து, தமிழில் எழுதிய அட்டவணையைச் சமையலறைக் காலண்டர் பக்கத்தில் ஒட்டி, தானும் நாலு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, டம்ளர் டம்ளராக எண்ணிக் கொடுத்தார். இரண்டாம் முறை வலப்பக்கத்தில் ஒன்றரை சென்டிமீட்டரில் ஒரு பாலிப் கிடைத்தது. அன்றே எடுத்தார்கள். சோதித்ததில் பின்னாளில் புற்றாகக் கூடிய வகை, இன்னும் ஆகவில்லை என்று வந்தது. முதல் முறை சரியாகத் தெரியாத அதே வலப்பக்கம்!

நோயாளியின் தாய்மொழியில் எழுத்தாலும் வாயாலும் இரண்டு விதத்திலும் சொன்னால் குடல் சுத்தமாவது கூடுகிறது என்று ஆராய்ச்சிகளே சொல்கின்றன. எனவே தாளை வாங்கியதும் வீட்டில் ஹிந்தியோ ஆங்கிலமோ நன்றாகப் படிக்கத் தெரிந்தவர் அதைத் தமிழில், கடிகார நேரத்தோடு எழுதிவிட வேண்டும். 'தஸ்த்' என்ற சொல்லில் கவனம் தேவை. 'தஸ்த் கீ தவா' என்று கடையில் கேட்டால் பேதியை நிறுத்தும் மருந்தைத் தந்துவிடக் கூடும்! சீட்டைக் காட்டி வாங்குவதே சரி.

சாப்பாட்டு விஷயம். இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே கீரை, கொத்தவரங்காய், வெண்டைக்காய், தக்காளி, கொய்யா, எள், கொண்டைக்கடலை போன்ற நாரும் விதையும் உள்ளவற்றை நிறுத்திவிட வேண்டும். இங்குள்ளவர்கள் நோயாளிக்கு நல்லது என்று தரும் தலியா என்னும் கோதுமை ரவைக் கஞ்சியும் இதற்கு ஆகாது. முதல் நாள் காலையில் இட்லி, வெள்ளைச் சாதம், தயிர் போன்ற எளிய உணவுக்குப் பல டாக்டர்கள் அனுமதி தருகிறார்கள். தாளிப்பில் கடுகு வேண்டாம். அதன்பின் தெளிந்த திரவங்கள் மட்டுமே: இளநீர், வடிகட்டிய எலுமிச்சை ரசம், மேலாகத் தெளிய வைத்து வடிகட்டிய மிளகு ரசம். டம்ளருக்கு அப்பால் வைத்த செய்தித்தாள் எழுத்து தெரிந்தால் அது தெளிந்த திரவம் என்று ஒரு டாக்டர் எனக்குச் சொன்னார். மாதுளை, பீட்ரூட், சிவப்புச் சர்பத் கூடாது. குடலில் ரத்தம் போலத் தோன்றும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இளநீரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது, அதில் பொட்டாசியம் அதிகம்.

காபி! நம்மவர்களிடம் இதில்தான் மல்லுக்கு நிற்க வேண்டியிருக்கிறது. பால் கூடாது. டிகாக்‌ஷனைத் தண்ணீர் விட்டு, சர்க்கரை போட்டுக் குடிக்கலாம். அது காபியே அல்ல என்பார்கள், எனக்கும் உடன்பாடுதான். ஆனால் தலைவலி வராமல் காக்கும். ஏகாதசி விரதம் இருந்து பழகியவர்கள் இதையும் அந்தக் கணக்கில் எடுத்துக் கொண்டு, பழம் சாப்பிடலாம் என்று நினைக்கிறார்கள். பழத்தில் நாரும் விதையும் இருக்கின்றன. இது வேறு விரதம்.

மாத்திரைகளில் இரும்புச் சத்து மாத்திரையை ஐந்து முதல் ஏழு நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். மலத்தைக் கறுப்பாக்கிப் பசை போல ஒட்ட வைக்கும். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, இன்சுலின், சர்க்கரை மாத்திரை இவற்றை எப்படி மாற்றுவது என்பதை டாக்டரிடம் எழுதி வாங்க வேண்டும். தாமாக நிறுத்துவதும் தப்பு, பட்டினி கிடந்துகொண்டு வழக்கம் போலப் போடுவதும் தப்பு. நெடுநாள் மலச்சிக்கல் உள்ளவர்களுக்கும் நீரிழிவுக்காரர்களுக்கும் வழக்கமான அளவு போதாமல் போகலாம். கூச்சப்படாமல் முன்பே சொன்னால் கூடுதல் மருந்து தருவார்கள்.

காலை 9 மணிக்குப் பரிசோதனை என்று வைத்துக் கொள்வோம். முதல் நாள் மாலை 6 மணிக்கு முதல் லிட்டர். கால் லிட்டர் டம்ளரில், பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒன்று. மறுநாள் 4 மணிக்கு எழுந்து அடுத்த லிட்டர். 5 அல்லது 5½ மணிக்குள் முடிந்துவிடும். பிறகு தெளிந்த திரவம் ஏதாவது வேண்டுமானால் 7 மணிக்கு முன்னதாக. ருசி உப்புக் கரித்து வழவழவென்று இருக்கும், மறைப்பதற்கில்லை. பிரிட்ஜில் குளிர வைத்து, உறிஞ்சு குழலால் குடித்து, இடையே எலுமிச்சைத் துண்டை நாக்கில் வைத்துக் கொண்டால் இறங்கும். டம்ளருக்கு டம்ளர் கூடத்தில் கொஞ்சம் நடக்கலாம். குமட்டினால் அரை மணி நிறுத்திவிட்டுத் தொடரலாம். விடாமல் வாந்தி, தாங்க முடியாத வயிற்று வலி, வயிறு உப்பியும் ஒன்றும் போகாமல் இருத்தல், மயக்கம் இவை கண்டால் மருந்தை நிறுத்தி உடனே டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும்.

கார்ப்பரேஷன் தண்ணீர் வரும் நேரத்தைக் கணக்கிட்டு வாளிகளை நிரப்பி வையுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கமோடு வசதி செய்து கொடுக்க வேண்டும். கழிவறைக்குப் போகும் வழியில் இரவு விளக்கு எரியட்டும். அவசரத்தில் வழுக்கி விழுந்தவர்கள் உண்டு. எரிச்சலுக்குத் தேங்காயெண்ணெய் தடவலாம். கல்யாணத்துக்கோ பண்டிகைக்கோ மறுநாளாகத் தேதி வாங்காதீர்கள். மயக்க மருந்து கொடுப்பதால் கூட ஒருவர் போக வேண்டும்; அன்று ஸ்கூட்டர் ஓட்டக் கூடாது.

கடைசியாகப் போவது எப்படி இருக்க வேண்டும்? வெளிர் மஞ்சளாக, அடி தெரியும்படித் தெளிந்த நீராக. இன்னும் பழுப்பாக, திப்பி திப்பியாக இருந்தால் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். கூடுதலாகக் கழுவியோ, சில மணி நேரம் தள்ளிப் போட்டோ சமாளிக்க அவர்களுக்கு வழி உண்டு.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் முதலில் 'நார்மல்' என்ற சொல்லைத் தேடாதீர்கள். குடல் தயாரிப்பு எப்படி இருந்தது என்று ஒரு வரி இருக்கும், அதைப் படியுங்கள். பாஸ்டன் அளவுகோல் என்று ஒன்று 2009 முதல் வழக்கில் இருக்கிறது. வலப்பக்கம், நடு, இடப்பக்கம் என்று மூன்று பகுதிகளுக்கும் தனித்தனியே 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 9. ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 2 வாங்கியிருக்க வேண்டும். மொத்தம் 7 வந்திருந்தாலும், 3, 3, 1 என்று வந்த 7 தேறாது. அந்த வரி ரிப்போர்ட்டில் இல்லையென்றால், கிளம்புவதற்கு முன் டாக்டரிடம் கேட்டு, அடுத்த பரிசோதனை எந்த வருடம் என்பதையும் எழுதி வாங்கிக் கொள்ளுங்கள். தாளைத் தமிழில் எழுதிக் கொள்ள ஆள் இல்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்க நூலகத்துக்கு வந்தால் நான் எழுதித் தருகிறேன். மருந்துச் சீட்டையும் கையோடு கொண்டு வரவும்.